சோடா ஊற்றியும் ஏறாத கேஎச்

என் கடல்நீர்ப் பவளத் தொட்டியில் எவ்வளவு சோடா போனாலும் 6.8-ஐத் தாண்டாமல் அடம்பிடித்த கேஎச் (தண்ணீரின் கார்பனேட் காரத்தன்மை) ஒருவழியாக 8.2-இல் வந்து நின்றுவிட்டது. அதுவும் டோசைக் கூட்டி அல்ல, குறைத்த பிறகு. தொட்டி சிங்கப்பூர் வீவக வீட்டுப் படுக்கையறையில் இருக்கிறது. கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து, கல், மணல் கழித்து 200 லிட்டர் தண்ணீர். பவளங்களில் பெரும்பாலும் மோன்டிபோரா, கொஞ்சம் அக்ரோபோரா.

200 லிட்டரில் 1 டிகேஎச் (கேஎச்சின் அலகு) ஏற்ற 6 கிராம் சமையல் சோடா வேண்டும். அதையே ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டுச் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) ஆக்கினால் 3.8 கிராம் போதும். அந்த 3.8-ஐ இரட்டிப்பாக்கிப் பார்த்தாலும் கேஎச் அசையவில்லை. கால்சியம் மட்டும் 420 பிபிஎம்மிலிருந்து (லிட்டருக்கு மில்லிகிராம்) 380-க்கு இறங்கியது.

1 டிகேஎச் செலவானால் கூடவே சுமார் 7 பிபிஎம் கால்சியம் போகும். பவளம் எலும்பாக்கினாலும் சரி, தண்ணீரில் வெறும் சுண்ணாம்பாக (கால்சியம் கார்பனேட்) படிந்தாலும் சரி, விகிதம் ஒன்றுதான். ஆகவே டெஸ்ட் கிட் எண்களை மட்டும் வைத்துத் திருடன் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. பவளம்தான் இழுக்கிறது என்றால் மோன்டிபோராவின் விளிம்பில் வெள்ளை வளர்ச்சி வளையம் அகலமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சம்ப்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்பைக் கழற்றியதும் விஷயம் வெளிச்சமானது. உள்ளே சுழலும் இம்பெல்லர் காந்தத்தின் மேல் நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளைப் பொருக்கு. ஒரு சில்லை வினிகரில் போட்டால் நுரைத்துக் கரைகிறது. ஊற்றிய சோடா முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் சூட்டில் சுண்ணாம்பு இன்னும் எளிதாகப் படியும் என்பதால் ஹீட்டர் இல்லாத நம் ஊர்த் தொட்டிகளில் முதல் பலி பம்புதான்.

பொருக்கு ஏன் படிந்தது என்றால், மெக்னீசியம் 1120 பிபிஎம்தான். கடல்நீரில் சுமார் 1290 இருக்கும். சுண்ணாம்புப் படிகம் வளரும்போது மெக்னீசியம் அதன் மேற்பரப்பில் புகுந்து, அடுத்த அடுக்கு ஒட்டவிடாமல் கெடுக்கும். அது குறைந்தால் கட்டுப்பாடு போய்விடும். சோடாவும் கால்சியமும் மட்டும் மாதக்கணக்கில் போட்டுவந்தால் மெக்னீசியம் சத்தமில்லாமல் இறங்கும். ஆனால் 1120 வரை இறங்க அது மட்டும் காரணமில்லை. உப்பே குறைவாக இருந்தது.

இங்கேதான் உப்பளவை ஒளிவிலகலை வைத்துக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைப் பற்றிக் கொஞ்சம் புலம்பியாக வேண்டும். கையடக்கமானவை பல, வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கு அளவு குறிக்கப்பட்டவை. நிஜமான 35 பிபிடி (ஆயிரத்தில் பங்கு) கடல்நீரை அதில் விட்டால் 36.5 காட்டும். ஆர்ஓ தண்ணீரில் சுழியம் வைத்து, 35 வரும்வரை உப்புக் கலக்கினால் தொட்டியில் உண்மையில் இருப்பது 33.5 சொச்சம்தான். சுழியத்தில் சரியாக நிற்கிறதே என்று நம்பவே கூடாது. அளவிடப்போகும் புள்ளிக்குப் பக்கத்தில்தான் திருத்த வேண்டும்.

திருத்தும் கரைசலைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. 36.5 கிராம் உலர்ந்த சமையலுப்பு, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீர். இதன் ஒளிவிலகல் 35 பிபிடி கடல்நீருடையதேதான். அயோடின் கலந்த உப்பானாலும் பரவாயில்லை, ஈரம் இருக்கக் கூடாது. தண்ணீரையும் எடையில்தான் அளக்க வேண்டும், மில்லியில் அல்ல. 100 கிராம் மட்டும் கலந்தால் 0.1 கிராம் தராசின் பிழையே முடிவைக் கெடுக்கும், ஆகவே முழு கிலோவாகக் கலந்துவிடுவது நல்லது. மூடி இறுக்கமில்லாத பாட்டிலில் வைத்தால் தண்ணீர் ஆவியாகி 35 என்பது 36 ஆகிவிடும். துளி விட்டு அரை நிமிடம் பொறுத்துப் பார்த்து, திருகைத் திருப்பிக் கோடு 35-இல் வரும்படி வைக்க வேண்டும். ஏர்கான் அறையிலிருந்து கருவி, வரவேற்பறையிலிருந்து கரைசல் என்று கொண்டுவந்தால் மறுபடி தப்பும்.

உப்பை ஏற்ற, விசிறிக் காற்றில் ஆவியாகும் தண்ணீருக்கு ஆர்ஓவுக்குப் பதில் 35 பிபிடி உப்புத்தண்ணீரையே ஊற்றினேன். 1.5 பிபிடி ஏற்ற 300 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்பது லிட்டர். அதிலேயே மெக்னீசியம் 1170-க்கு வந்தது. 1320-ஐ எட்ட மீதி 150 பிபிஎம்முக்கு மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 250 கிராம். நாளுக்கு 50 பிபிஎம்முக்கு மேல் வேண்டாம், அதாவது 84 கிராம், கரைத்து, நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் மெதுவாக. முழுவதையும் எப்சம் உப்பில் (மெக்னீசியம் சல்பேட்) ஏற்றினால் சல்பேட் தேவையில்லாமல் கூடும். டோஃபு உறைய வைக்கும் நிகாரி பெரும்பாலும் மெக்னீசியம் குளோரைடுதான், உணவுத் தரத்தில் கிடைக்கிறது. கால்சியம் குளோரைடையும் உணவுத் தரத்திலேயே வாங்கலாம். சூப்பர்மார்க்கெட்டில் அலமாரிக்கு விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் இருப்பதும் அதுதான், ஆனால் வாசனைப் பொருள் சேர்த்திருப்பார்கள். தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

மெக்னீசியம் சரியானால் மட்டும் போதாது. பழைய பொருக்கு புதுப் படிவுக்கு விதை. பம்பை வாளியில் ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீரில் ஓடவிட்டு, பிறகு கழற்றி இம்பெல்லர் குழியையும் பல்துலக்கியால் தேய்த்தாயிற்று. சோடா விழும் குழாய் முனையை ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) அறையிலிருந்து எடுத்து, பம்ப் வாயை விட்டுத் தள்ளி வைத்து, நாளுக்கு இரண்டு டோஸ் என்றிருந்ததை மணிக்கொருமுறை சிறு டோஸாகப் பிரித்தாயிற்று. ஒரே இடத்தில் மொத்தமாக விழுந்தால் அங்கே பிஎச் எகிறி, வெள்ளையாக மேகம் கட்டும். கால்சியம் வேறு அறையில், அரை மணி இடைவெளியில். இப்போது நாளுக்கு 2.5 கிராம் சோடா ஆஷ்தான் போகிறது. 8.5-க்கு மேல் ஏற்றும் ஆசை இல்லை. நைட்ரேட் சுழியத்தை ஒட்டி இருக்கும்போது கேஎச்சை ஏற்றினால் அக்ரோபோராவின் நுனிதான் கருகும்.

இரவில் ஏர்கான் போட்டுக் கதவைச் சாத்தினால் பிஎச் 7.8. மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு வெளியே போக வழியில்லை. அதைச் சமாளிக்க, அடுத்து டாப்அப்பில் (ஆவியாவதற்கு ஈடாக ஊற்றும் தண்ணீர்) கால்க்வாசர், அதாவது சுண்ணாம்புநீர். தெவிட்டிய கரைசல் லிட்டருக்குச் சுமார் 1.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) எடுக்கும். நாளுக்கு 3 லிட்டர் ஆவியானால் அதிலேயே 1.5 டிகேஎச்சுக்கு மேல் ஏறும், இப்போதைய தேவைக்கு அதிகம். ஆகவே கால்வாசிச் செறிவில் தொடங்கி, டோசிங் பம்பை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். நீர்மட்டம் பார்த்து டாப்அப்பை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் சிக்கிக்கொண்டால் ஒரே இரவில் மொத்தக் கலனும் உள்ளே போய்விடும் என்பதால் இரண்டாவது சுவிட்ச் வந்த பிறகுதான் கலனில் சுண்ணாம்பு விழும்.