களத்துக்குப் போகும் முன்

முதுகலை மாணவர்கள் ஆய்வுக்காகத் தயாரிக்கும் கேள்வித்தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல நினைப்பது இது.

"உங்கள் பள்ளியில் கழிப்பறையும் குடிநீரும் போதுமான அளவில் உள்ளனவா?" தண்ணீர் இருக்கிறது, கழிப்பறை இல்லை என்றால் அந்தப் பிள்ளை எதை டிக் செய்யும்? இரண்டு கேள்வியாகப் பிரித்துவிடுங்கள்.

கூலி வேலை செய்பவரிடம் மாத வருமானம் கேட்டால் குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்வார். போன வாரம் எத்தனை நாள் வேலை, ஒரு நாள் கூலி என்ன என்று கேளுங்கள், கணக்காகச் சொல்வார். அதையும் கடைசியில் வையுங்கள். எடுத்த எடுப்பிலேயே கேட்டால் ரேஷன் கார்டுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் வந்துவிடும், அப்புறம் எந்தப் பதிலும் உண்மையாக வராது. மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமியார் பதில் சொல்லும் வீடுகளும் உண்டு. அங்கே பொறுமையாக இன்னொரு முறை போங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் போட்டு எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை. 1936-ல் அதிபர் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்ட அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது, ஜெயித்தது ரூஸ்வெல்ட். தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் ஆள் பிடித்திருந்தார்கள்.

வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அச்சடிக்கும் முன் பத்துப் பேரிடமாவது கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கேள்விக்கு "என்ன கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள் என்பதை எழுதி வாங்குங்கள்.