விசிட்டர் எழுதும்போது கிளைக்குள் இறங்குவது யார் பொறுப்பு?

எங்கள் பைத்தான் நிரல்களில் மறதியாக விடப்பட்ட பிரிண்ட் அழைப்புகளைக் கண்டுபிடிக்கச் சிறிய கருவி ஒன்றை எழுதினேன். இதற்குச் சொல் தேடல் போதாதா என்று கேட்கலாம். சரங்களுக்குள்ளும் கமெண்டுகளுக்குள்ளும் கிடக்கும் ‘பிரிண்ட்’ என்ற சொல்லையும் தேடல் அள்ளிக்கொண்டு வந்துவிடும். எந்த ஃபங்ஷனுக்குள் அந்த அழைப்பு இருக்கிறது என்பதையும் அது சொல்லாது. ஆகவே மூல நிரலை, அதன் அமைப்பை மரமாகப் பிரித்துத் தரும் பைத்தானின் ஏஎஸ்டி மாட்யூலிடம் கொடுத்து, கிடைத்த தொடரியல் மரத்தை விசிட்டர் ஒன்றின் மூலம், அதாவது மரத்தின் கணுக்களை ஒவ்வொன்றாகச் சென்று பார்க்கும் கிளாஸ் ஒன்றின் மூலம், சுற்றிவர முடிவு செய்தேன். கருவி ஓடியது, ஃபங்ஷன்களுக்குள் ஒரு பிரிண்ட்கூட இல்லை என்றது. இரண்டு நாள் அதை நம்பவும் செய்தேன்.

விசிட்டர் பேட்டர்னின் அடிப்படை எளிமையானது. மரத்தின் கணுக்கள் (ஃபங்ஷன், அழைப்பு போன்ற நிரலின் கூறுகள்) ஒருபுறமும், அவற்றின் மீது செய்ய வேண்டிய வேலை மறுபுறமும் இருக்கும். ஜாவா போன்ற மொழிகளில், ஒரே பெயரில் பல மெத்தடுகள் இருந்தால் எதை அழைப்பது என்பது, கொடுக்கப்படும் மாறியின் அறிவிக்கப்பட்ட வகையை வைத்துக் கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடுவதால், பொதுவான கணு வகையில் அறிவிக்கப்பட்ட மாறியை நேரே விசிட்டரிடம் கொடுத்துப் பயனில்லை. அதனால்தான் ஒவ்வொரு கணுவிலும் அக்செப்ட் என்றொரு மெத்தட் வைக்கப்படுகிறது: ஓடும்போது கணுவின் உண்மையான வகைக்குரிய அக்செப்ட் அழைக்கப்படும், தன் வகையை அறிந்த அது விசிட்டரின் பொருத்தமான மெத்தடை அழைக்கும். பைத்தானுக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படுவதில்லை. அதன் ஏஎஸ்டி மாட்யூலில் உள்ள நோட்விசிட்டர் என்ற கிளாஸ், கணுவின் கிளாஸ் பெயருக்கு முன்னால் ‘விசிட்_’ என்று சேர்த்து, அந்தப் பெயரில் மெத்தட் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ஜெனரிக்_விசிட்டை அழைக்கும். குழந்தைக் கணுக்களுக்குள் இறங்குவது அந்த ஜெனரிக்_விசிட்தான்.

என் பிழை அங்கேதான் இருந்தது. எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறோம் என்று தெரிய, ஃபங்ஷனின் பெயரை ஓர் அடுக்கில் ஏற்றி இறக்குவதற்காக, ஃபங்ஷன் கணுக்களுக்கான விசிட்_ஃபங்ஷன்டெஃப் என்ற மெத்தடை எழுதிய நான், ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் இடையில் ஜெனரிக்_விசிட்டை அழைக்க மறந்துவிட்டேன். அந்த மெத்தட் இருப்பதாலேயே பொதுவான இறக்கம் நின்றுபோனது. ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலையும் தொட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் கருவி திரும்பிவிட்டது. சோதனைக் கோப்பில் பிரிண்ட் அழைப்புகளை மேல்மட்டத்தில் மட்டுமே எழுதியிருந்ததால், சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன.

அதைத் திருத்தியதும் இன்னும் இரண்டு பிழைகள் வெளிப்பட்டன. ஓர் அழைப்பின் ஆர்க்யுமெண்டாக இன்னோர் அழைப்பு இருந்தால், அழைப்புக்குரிய ‘கால்’ கணுவைக் கையாளும் விசிட்_காலிலும் நாமே இறங்கியாக வேண்டும். இல்லையேல் வெளியில் உள்ளது மட்டுமே கணக்கில் வரும். அடுத்தது, ‘அசிங்க்’ என்ற சொல்லோடு அறிவிக்கப்படும், இடையில் காத்திருந்து தொடரக்கூடிய ஃபங்ஷன்களுக்கு அசிங்க்ஃபங்ஷன்டெஃப் என்ற தனிக் கணு வகை உண்டு. அதற்கும் மெத்தட் எழுதாததால், அவற்றுக்குள் இருந்த பிரிண்ட்கள் எல்லாம் மேல்மட்டத்தில் இருப்பதாகப் பதிவாயின. பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பைத்தான் எதுவும் சொல்லாது, அந்த மெத்தட் ஒருபோதும் அழைக்கப்படாமல் கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் ஓவர்ரைட் குறிப்பு போட்டிருந்தால் கம்பைலர் அதைப் பிடித்துவிடும்.

இறங்கும் பொறுப்பை ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு விதமாக வைத்திருப்பதுதான் எனக்கு எரிச்சல் தருவது. ஜாவா நிரல்களுக்கான எக்லிப்ஸின் ஏஎஸ்டிவிசிட்டரில் விசிட் மெத்தட் ஃபால்ஸ் என்று திருப்பினால், அந்தக் கணுவின் குழந்தைகள் மட்டும் தவிர்க்கப்படும், பயணம் தொடரும். சி, சி++ கம்பைலரான கிளாங்கின் ரிகர்சிவ்ஏஎஸ்டிவிசிட்டரில் அதே ஃபால்ஸ், பயணம் முழுவதையும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தவறு செய்யாமல் இருந்தால்தான் வியப்பு.

ஜாவாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. அனோட்டேஷன் புராசஸர் (கம்பைல் செய்யும்போது நிரலில் போட்ட குறிப்புகளைப் படித்து வேலை செய்யும் கருவி) எழுதுவோருக்கான எலிமெண்ட்விசிட்டர் பார்ப்பது பேக்கேஜ், கிளாஸ், ஃபீல்ட், மெத்தட் போன்ற அறிவிப்புகளை மட்டுமே. மெத்தடின் உடலுக்குள் இருக்கும் வரிகள் அதற்குத் தெரியாது. அவை வேண்டுமென்றால் கம்பைலர் ட்ரீ ஏபிஐ தரும் ட்ரீஸ்கேனரிடம் போக வேண்டும். அங்கே இறக்கம் தானாக நடக்கும், நாம் ஒரு மெத்தடை மாற்றி எழுதும் வரை. எழுதினால் சூப்பரை, அதாவது மூல கிளாஸில் உள்ள அதே மெத்தடை, அழைப்பது நம் கடமை. ட்ரீஸ்கேனரில் குழந்தைகளின் விடைகளைச் சேர்க்கும் ரெட்யூஸ் மெத்தட், நாம் மாற்றாவிட்டால், தனக்குக் கொடுக்கப்படும் இரண்டு மதிப்புகளில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். எண்ணிக்கையைக் கூட்ட நினைத்து அதை மறந்தவருக்குக் கிடைக்கும் எண் ஏறக்குறைய நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து.

மொழியில் புதிய கணு வகை சேரும்போது எல்லா விசிட்டர்களையும் தொட வேண்டியிருக்கிறது என்ற பழைய குறையும் உண்மைதான். ஜாவா 21-இல் நிலைபெற்ற வகைவழி ஸ்விட்சையும் (மதிப்பின் வகையைப் பார்த்துக் கிளைபிரியும் ஸ்விட்ச்), அதற்கு முன்பே வந்துவிட்ட சீல்டு கிளாஸ்களையும் (துணை வகைகள் எவை என்று முன்கூட்டியே வரையறுத்தவை) சேர்த்துப் பயன்படுத்தினால், விடுபட்ட வகையைக் கம்பைலரே சுட்டிக்காட்டும், அக்செப்டும் தேவைப்படாது. ஆனால் குழந்தைகளுக்குள் இறங்கும் வரியை அங்கேயும் நாமேதான் எழுதுகிறோம்.

இப்போது என் சோதனைக் கோப்பில் ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன், அழைப்புக்குள் அழைப்பு, அசிங்க் ஃபங்ஷன், பெயரற்ற சிறு ஃபங்ஷனான லாம்டா ஆகிய நான்கும் இருக்கின்றன. ஏஎஸ்டி மாட்யூலின் வாக் ஃபங்ஷன் எந்தச் சூழலும் சொல்லாமல் எல்லாக் கணுக்களையும் வரிசையின்றிக் கொட்டுவது. அது தரும் கால் கணுக்களின் எண்ணிக்கையும் என் விசிட்_கால் ஓடிய எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் சோதனை தோற்றுவிடும். முதல் பதிப்பை அதே சோதனையில் ஓட்டிப் பார்த்தேன்: வாக் 11 என்றது, என் விசிட்டர் 2 என்றது.