நெடுந்தீவுக் குதிரைகளைத் தேடி

கொழும்பில் இருப்பவர்களுக்கு வனவிலங்கு என்றால் யாலதான் ஞாபகம் வரும். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தால், எட்டும் தூரத்தில் இன்னொரு தேசியப் பூங்கா இருக்கிறது. கடல் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நெடுந்தீவைச் சொல்கிறேன்.

வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் வரை பஸ். அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். ஊர்ச் சனம் அரிசி மூட்டைகளோடு ஏறியது. எல்லாம் இந்தப் படகில்தான் போயாக வேண்டும். ஆகஸ்ட் மாதம், காற்று பலம்.

பவளக்கல் வேலிகள், பெருக்கமரம் எல்லாம் அழகுதான். நான் போனது குதிரைகளுக்காக.

"தண்ணி இருக்கிற பக்கம்தான் நிக்குங்கள், தம்பி" என்றார் ஓட்டோ ஓட்டி வந்த அண்ணை. வீடுகள் முடிந்து வெளி தொடங்கியதும் கண்டேன். மட்டக்குதிரைகள், மண்ணிறம். வெயிலில் காய்ந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு தாய்க்குதிரையின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டியபடி ஒரு குட்டி. எனக்கு மனம் தாங்கவில்லை.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை இவை. பூர்வீக விலங்குகள் அல்ல என்பார்கள். சரி, வந்தவைதான். ஆனால் அவற்றைக் கட்டிவைத்த லாயத்தில் இன்று தூண்கள் மட்டுமே மிச்சம். குதிரைகளோ கட்டுவாரும் தீனி வைப்பாரும் இல்லாமல், குட்டி போட்டுத் தலைமுறை தலைமுறையாக இந்த வெளியில் வாழ்கின்றன. இனி இது அவற்றின் ஊர் இல்லையென்று எப்படிச் சொல்வது?

இங்கே பெரிய பாடு தண்ணீர்தான். நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழை ஊறி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக நன்னீர் நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதுதான் ஆண்டு மழையில் பெரும்பங்கு. வறட்சி கடுமையான காலங்களில் குதிரைகள் தாகத்தால் செத்திருக்கின்றன. மனிதருக்கே தட்டுப்பாடான இடத்தில் விலங்குக்கு யார் ஊற்றுவது என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் பூங்கா என்று அறிவித்த பிறகு, அந்தத் தண்ணீர் அரசின் பொறுப்பு. மழைக்கு முன்பே குளங்களையும் கேணிகளையும் தூர்வார வேண்டும். கோடையில் தொட்டிகளை நிரப்ப வேண்டும்.

போக நினைப்பவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். தீவின் நீரில் கை வைக்காதீர்கள். படம் எடுப்பதற்காகக் குதிரைகளைத் துரத்தவும் வேண்டாம். பட்டினியில் நிற்கும் உயிருக்கு ஒவ்வொரு ஓட்டமும் செலவு. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே இறங்குதுறையில் கேட்டுவிடுங்கள்.