1,84,000 கிலோமீட்டர் ஓடிய ஸ்விஃப்ட்டை வாங்கிய கதை

எனக்கு வேலை விராலிமலையில், வீடு திருவானைக்கோவிலில். போக வர தினமும் எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஏழு வருஷம் பைக்கிலேயே ஓட்டினேன். முதுகு மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகுதான் கார் என்ற பேச்சே வீட்டில் வந்தது. கையில் இருந்தது மூன்றரை லட்சம். புது வண்டியை நினைத்துப் பார்க்கவே முடியாது.

என் பைக்கைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் முன்பு கார் பட்டறையில் இருந்தவர். ஒரு வண்டி பார்க்க ஆயிரம் ரூபாய் என்று பேசிக்கொண்டு அவரைக் கூட வரச் சொன்னேன். அவர் போட்ட முதல் நிபந்தனை: "மூணரை வச்சிருந்தா மூணு லட்சத்துக்குள்ள வண்டியப் பாரு தம்பி. மிச்சம் ஐம்பதாயிரம் உன்னுது இல்ல, வண்டியோடது." இதைக் கேட்காமல் முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்திருந்தால், இரண்டாவது மாதமே கடன் வாங்கியிருப்பேன்.

ஓட்டம் அதிகம் என்பதால் டீசல். அதிலும் ஸ்விஃப்ட் என்று முடிவு செய்தது அண்ணன்தான். அதிலிருக்கும் 1248 சிசி இஞ்சின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று கம்பெனி வித்தியாசமில்லாமல் எல்லா வண்டியிலும் அதைப் போட்டதால், தேசிய இஞ்சின் என்றே அதற்குப் பட்டப்பெயர். மாருதி 2020-ல் டீசலையே நிறுத்திவிட்டது, ஆனாலும் சாமான் கிடைக்காத ஊர் கிடையாது. இஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங்கிற்கு பெல்ட் இல்லை, செயின். பெல்ட் இருக்கிற வண்டி என்றால் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்று பில்லோடு கேட்க வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் வால்வு வளைந்து இஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும்.

முதலில் பார்த்தது மதுரை பைபாஸ் பக்கம் ஒரு பழைய கார் கடையில் நின்ற 2014 ஸ்விஃப்ட். மீட்டரில் 72,000. "டாக்டர் ஓட்டின வண்டி சார், ஆஸ்பத்திரி விட்டா வீடு, வீடு விட்டா ஆஸ்பத்திரி." அந்த ஒரு மாதத்தில் நான் பார்த்த ஆறு வண்டிகளில் நாலு, டாக்டர் வண்டி. திருச்சி டாக்டர்கள் வைத்தியம் பார்க்கிறார்களா, வண்டி விற்கிறார்களா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

பானட்டைத் திறப்பார் என்று பார்த்தேன். அண்ணன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்து பெடலைப் பார்த்தார். கிளட்ச் ரப்பரில் வரி எல்லாம் அழிந்து வழுவழுவென்று இருந்தது. கியர் தலையில் எண்கள் பாதி இல்லை. ஸ்டியரிங்கிற்கு மட்டும் புத்தம்புது உறை. டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் ஓரம் அமுங்கிப்போயிருந்தது. "எழுபத்திரெண்டாயிரத்துக்கு இப்படித் தேயாது தம்பி. இது ஒண்ணரை லட்சமாவது ஓடியிருக்கும்."

சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது? கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்தால், அங்கே விட்ட ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்ட கிலோமீட்டர் கணினியில் இருக்கும். எல்லா இடத்திலும் யாரோ கேட்டால் சொல்லிவிட மாட்டார்கள். விற்பவரே கேட்க வேண்டும் அல்லது கூட வர வேண்டும். கடைக்காரர் "எதுக்கு சார் வீண் அலைச்சல்" என்று இழுத்தபோதே பாதி பதில் கிடைத்துவிட்டது. ஒருவழியாக ஆர்சியில் இருந்த உரிமையாளரிடமே பேசி வாங்கினோம். 2019 அக்டோபரில் அந்த வண்டி 1,38,000-ஐத் தாண்டியிருந்தது. திரும்ப வந்து சொன்னால் கடைக்காரர் முகத்தில் சலனமே இல்லை. "மீட்டர் போர்டு மாத்தினது சார். அப்ப ஜீரோல இருந்து ஓடியிருக்கும்." கணக்குப் போட்டால் அதுவும் சரியாகத்தான் வரும் போல என்று ஒரு நிமிஷம் நானே யோசித்துவிட்டேன். பேச்சு அப்படி.

கோபம் வந்தது ஓட்டத்தின் மேல் இல்லை. 1,40,000 என்று நேராகச் சொல்லியிருந்தால் அதற்குத் தகுந்த விலை பேசியிருக்கலாம். மீட்டரைத் திருப்பியவர், அந்தக் கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய எதையும் மாற்றியிருக்க மாட்டார். அங்கேதான் நம் பணம் போகும்.

அடுத்தது சென்னைப் பதிவு. வெளியே பளபளப்பு, உள்ளே வாசனைத் திரவியம் கொஞ்சம் தூக்கலாக. அண்ணன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். யாரும் இழுக்காத அந்த அடிப்பகுதியில் ஒரு பழுப்புக் கோடு. சீட் தண்டவாளத்து போல்ட்டுகளில் துரு. ஸ்டெப்னி குழிக்குள் விரலை விட்டால் களிமண் தூள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எத்தனை கார்கள் சென்னையில் முங்கின என்று நாம் பார்த்தோமே. இது அதில் ஒன்றா என்று நிரூபிக்க முடியாது, நிரூபித்து எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

டில்லிப் பதிவு டீசல் ஒன்று ஏறக்குறைய பாதி விலைக்கு வந்தது. டில்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசலை ஓட்ட அப்போது தடை இருந்ததால் இப்படித் தெற்கே வந்து இறங்கின. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே திரும்ப லைஃப் டாக்ஸ் கட்டி, டிஎன் எண் வாங்க வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது தனிப் படலம். எனக்குப் பொறுமை இல்லை. ஒரு எட்டியோஸும் பார்த்தோம், மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாறியது. கூரையில் கேரியர் மாட்டிய துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதோடு விட்டோம்.

மார்கழி பிறந்த சமயத்தில்தான் அந்த 2012 ஸ்விஃப்ட் விடிஐ பற்றித் தகவல் வந்தது. உறையூரில் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் வீட்டு வண்டி. மீட்டரில் 1,84,000. அதைக் கேட்ட ஒரு புரோக்கர், "அது ஆயுசு முடிஞ்ச வண்டி சார்" என்று சிரித்தார்.

"இஞ்சின் குளிர்ந்திருக்கணும், காலைல ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டு ஏழரைக்குப் போனோம். அண்ணன் பானட்டில் கை வைத்தார். சூடு. என்னைப் பார்த்தார். விற்பவர் இப்படிச் சூடாக்கி வைத்தால், பச்சைத்தண்ணியாக இருக்கும்போது வரும் புகை, செயின் சத்தம், ஸ்டார்ட் ஆகத் திணறுவது எல்லாம் மறைந்துவிடும். அவரிடமே கேட்டுவிட்டேன். பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மறந்தே போச்சு தம்பி. மாமிக்கு முட்டி வலி, விஸ்வரூப தரிசனத்துக்கு ஸ்ரீரங்கம் கூட்டிட்டுப் போயிட்டு இப்பதான் வந்தேன்." நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் பானட் ஜில்லென்று இருந்தது. சாவியைப் போட்டதும் இஞ்சின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்த்தார் அண்ணன். எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க யாரோ கை வைத்திருக்கிறார்கள். இரண்டு விநாடி கடகடவென்று சத்தம், பிறகு சீரானது. சைலன்ஸர் பக்கம் என்னை நிறுத்தினார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, விடாமல் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது, கறுப்பு என்றால் டீசல் முழுக்க எரியவில்லை. இங்கே லேசாக ஒரு கறுப்பு, அவ்வளவுதான்.

இஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்தார். குபுகுபுவென்று காற்று வந்து மூடி குதித்தால் பேக் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இதில் மூடி லேசாக நடுங்கியது, விழவில்லை. மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அதுவும் இல்லை. பானட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை, முன்பக்கம் அடி வாங்காத வண்டி. பின் கதவு ஒன்றில் மட்டும் நிறம் ஒரு நூல் மாறியது. நாங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே, "2016-ல ஒரு டவுன் பஸ் உரசிட்டுப் போயிட்டான், டிங்கரிங் பண்ணின பில் இருக்கு" என்றார் பெரியவர். எனக்கு அங்கேதான் மனசு இறங்கியது.

அந்த ஃபைல்! 2012 ஜூனிலிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, கிலோமீட்டர் எழுதி வரிசையாகக் கோத்திருந்தார். கரூரில் வேலை. வாரத்தில் மூன்று நாலு நாள் வண்டி, மற்ற நாள் ரயில். ஓய்வு பெற்ற 2019-க்குள் 1,60,000 ஓடிவிட்டது. பிறகு ஐந்து வருஷத்தில் வெறும் 24,000. ஹைவேயில் ஐந்தாவது கியரில் ஓடிய கிலோமீட்டர் டவுனுக்குள் ஓடியதைவிட இஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நல்லது. ஆனால் அந்தக் கடைசி ஐந்து வருஷத்தில்தான் சிக்கல் என்றார் அண்ணன். நின்ற வண்டியில் ரப்பர் சாமான் காயும். டயரில் பொறித்திருந்த நாலு எண்கள் 1119. அதாவது 2019-ம் வருஷம் 11-வது வாரம் செய்தது. ரோட்டில் படும் பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் ஓரத்தில் விரிசல்.

பஞ்சப்பூர் தாண்டி விராலிமலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன், தினமும் நான் போகும் ரோடு. நாலாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டு திடீரென ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னார் அண்ணன். இஞ்சின் சத்தம் ஏறியது, வேகம் பின்னால்தான் வந்தது. கிளட்ச் வழுக்குகிறது. வேகத்தடையில் முன்பக்கம் டொக்கென்றது. பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்ததில் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு இரண்டும் போயிருந்தன. டர்போ ஹோஸ் பக்கம் ஆயில் வியர்த்திருந்தது. இந்த வயசுக்கு அது சகஜமாம்.

கிளட்ச் 11,000, நாலு டயர் 18,000, சஸ்பென்ஷன் 8,500 என்று ஒரு தாளில் எழுதிப் பெரியவர் முன் வைத்தேன். 3,10,000 சொன்னவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்துவிட்டு 2,85,000-க்கு இறங்கினார். வண்டியில் குறை சொல்லி வாயால் பேரம் பேசியிருந்தால் அந்த மனிதருக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

வண்டி சுலபமாக முடிந்தது. காகிதம்தான் மூன்று வாரம் இழுத்தது. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டதும் ஒரு வங்கியின் பெயரில் ஹெச்பி, அதாவது வண்டி மேல் கடன் பதிவு, இன்னும் நிற்பதாகக் காட்டியது. கடன் 2017-லேயே அடைந்துவிட்டது, வங்கி கொடுத்த என்ஓசியும் ஃபைலில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதை ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து ஆர்சியில் நீக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய என்ஓசி செல்லாது, புதிதாக ஃபார்ம் 35-ல் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்தக் கிளையோ வேறொரு கிளையோடு சேர்க்கப்பட்டிருந்தது. பெரியவர் மூன்று தடவை போய் வந்தார். பத்தாயிரம் அட்வான்ஸோடு நிறுத்தி, ஹெச்பி நீங்கும் வரை மீதியைத் தர மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எனக்கே சங்கடம்தான். ஆனால் அது நீங்காமல், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கொடுத்தும் பெயர் மாறாது. வேகமாகப் போனதற்கான இரண்டு இ-சலானையும் அவரே கட்டினார்.

வண்டியை எடுத்த அன்று தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பெயர் மாறும் வரை விபத்து நடந்தால் ஆர்சியில் இருப்பவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமே 2018-ல் சொல்லியிருப்பதால், பெயர் மாற்ற அவசரம் என்னைவிட அவருக்குத்தான் அதிகம் இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸை பதினாலு நாளுக்குள் மாற்றிக்கொண்டேன். கிளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கும் அவருடைய நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும், வித்தியாசத்தை நான் கட்டினேன். ஃபாஸ்டேக்கை மட்டும் இருவருமே மறந்தோம். முதல் வாரம் சென்னை கிளம்பினேன், சமயபுரம் டோலைத் தாண்டிய ஐந்தாவது நிமிஷம் போன். "தம்பி, என் கணக்குல காசு போயிருக்கு, எங்கேயோ வெளியூர் போறீங்க போல. மெதுவா ஓட்டுங்க."

ரிப்பேர் நினைத்ததைத் தாண்டி 53,000 ஆனது. காரணம் ஏசி. மார்கழி விடியற்காலையில் எந்த ஏசியும் ஜில்லென்றுதான் இருக்கும், அது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. பங்குனி வெயிலில் கண்டென்ஸர் ஓட்டை தெரிந்தது. அண்ணனிடம் சொன்னால், "ஆமால்ல" என்றார். 2027 ஜூனில் பதினைந்து வருஷம் முடிகிறது. எஃப்சி (தகுதிச் சான்று) பார்த்து ஆர்சியை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி வேறு. அதற்குத் தனியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் விராலிமலை போகும் வழியில் மீட்டர் 2,00,000-ஐத் தொட்டது. ஓரமாக நிறுத்தி போட்டோ எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். மதியம் பதில் வந்தது: "சந்தோஷம். அடுத்த ஆயில் 2,04,000-ல். ஃபைல்ல எழுதிடுங்க."