நீங்க கேட்டபடியால்தானே சொன்னனான்

"நீங்க கேட்டபடியால்தானே சொன்னனான், தம்பி." என் அறிக்கையால் எச்சரிக்கைக் கடிதம் தன் கைக்கு வந்த அன்று கணக்குப் பிரிவு அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. "விதி எல்லாருக்கும் ஒன்றுதானே அக்கா" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

2023 ஆகஸ்டில் இலங்கை அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இருந்த அரச கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், பேக்கப் இல்லாததால், திரும்பக் கிடைக்காமல் போயின. அதற்குப் பிறகுதான் எங்கள் மேலிடத்துக்கும் பயம் பிடித்தது. தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 27001க்குத் தயாராகச் சொன்னார்கள். உள்ளகக் கணக்காய்வு என் பொறுப்பில் வந்தது.

கணக்காய்வுக்குப் போனபோது அக்கா தேத்தண்ணி தந்தார். குடித்தபடியே கேட்டேன்: மாத முடிவில் மனேஜர் லீவென்றால் வங்கிப் பணமாற்றத்தை யார் அங்கீகரிப்பது? அவர் கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். அடியில் செலோடேப் போட்டு ஒட்டிய துண்டு. மனேஜரின் பாஸ்வேர்ட்: மகளின் பெயர், கடைசியில் 23. முப்பது நாளுக்கொரு தடவை மாற்ற வேண்டும் என்று விதி போட்டது நாங்கள்தான். மனிதர் மாதாமாதம் ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். காரணமில்லாமல் இப்படி மாற்றவைக்காதீர்கள் என்று அமெரிக்காவின் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.ரி 2017இலேயே எழுதிவிட்டது. நான் அதைப் படித்தும் இருந்தேன்.

ஆனாலும் அக்காவிடம் மனேஜரின் பாஸ்வேர்ட் இருந்ததை அறிக்கையில் எழுதாமல் விட்டிருக்க முடியாது. ஒருவர் பதிய, இன்னொருவர் அங்கீகரிக்க வேண்டும் என்று வைத்திருப்பதே பணம் ஒரே கையால் வெளியே போகக்கூடாது என்பதற்காகத்தான். அக்காவின் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கள்ள மின்னஞ்சலால் அவருடைய கொம்பியூட்டருக்குள் எவனாவது புகுந்தால், இரண்டு சாவியும் அவனிடம் போய்விடும். இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

சரி, அக்காவின் பெயரை ஏன் எழுதினேன்? "கணக்குப் பிரிவில் ஒரு ஊழியர்" என்று போட்டிருக்கலாம். அதைவிட உறுத்துவது வேறொன்று. மனேஜர் இல்லாத நாட்களில் அங்கீகரிக்க இன்னொருவருக்குக் கணக்குத் திறந்து தரும்படி அக்கா மூன்று மாதத்துக்கு முன்பே எங்கள் ஐ.ரி பிரிவுக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். அது எங்களிடமே கிடந்தது. அறிக்கையில் அது இல்லை. எழுதும்போது எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் ஆசை. தெரியும்.

மனேஜருக்கு ஒன்றும் நடக்கவில்லை. விண்ணப்பத்தை மறுவாரமே முடித்துக்கொடுத்தோம். முப்பது நாள் விதியையும் எடுத்தாயிற்று. இப்போது பாதுகாப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போனால் யாரும் எதையும் திருப்பிக் காட்டுவதில்லை. "எல்லாம் சரி தம்பி" என்கிறார்கள்.

அறிக்கைப் படிவத்தில் 'சம்பந்தப்பட்டவர் பெயர்' என்றொரு பத்தி உண்டு. எடுத்துவிடலாம் என்று பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன். பெயர் இல்லாத அறிக்கையை மேலிடத்தில் யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. பத்தி இன்னும் அப்படியே இருக்கிறது.