ஏழு ஆண்டு என்றால் ஏழே ஆண்டு

1949ஆம் ஆண்டு ஹாலிவுட் படமான ‘தி ஏரஸ்’ஐ நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். சொத்துக்காகக் காதலித்து, பாதியில் கைவிட்டுப் போனவன் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டித் தட்டிப் பெயர் சொல்லி அழைக்க, தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டு, கையில் விளக்கோடு மாடிப்படி ஏறுகிறார் ஒலிவியா டி ஹாவிலண்ட். அவருக்கு இரண்டாவது ஆஸ்கரைப் பெற்றுத் தந்த படம் இது.

என்னைக் கேட்டால், அவர் தாழிட்ட பெரிய கதவு திரைக்கு வெளியே இருக்கிறது. அந்தக் கால ஸ்டுடியோக்கள், கொடுத்த வேடத்தை மறுக்கும் நடிகரைச் சம்பளமின்றி நிறுத்திவைத்து, அந்த நாள்களையும் ஒப்பந்தத்தின் வாலில் கட்டிவிடும். ஏழு ஆண்டு ஒப்பந்தம் அனுமார் வாலாக நீளும். 1943இல் தம் ஏழு ஆண்டு முடிந்தும் ஆறு மாதம் பாக்கி என்று அவருடைய ஸ்டுடியோவான வார்னர் பிரதர்ஸ் சொன்னபோது ஒலிவியா நீதிமன்றம் போனார். பெட்டி டேவிஸ் போன்ற பெரிய நட்சத்திரமே 1936இல் இதே நிறுவனத்திடம் லண்டன் நீதிமன்றத்தில் தோற்றிருந்தார் என்பதை நினைத்தால் அந்தத் துணிச்சலின் அளவு புரியும். வழக்கு நடந்த காலத்தில் ஒலிவியாவுக்குப் புதிய படங்கள் இல்லை. 1944 டிசம்பரில், ஏழு ஆண்டு என்பது காலண்டர்படி ஏழு ஆண்டுதான் என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘டி ஹாவிலண்ட் சட்டம்’ என்றே அது இன்றும் அழைக்கப்படுகிறது.

மீண்டு வந்து நடித்த 1946ஆம் ஆண்டுப் படத்துக்கே முதல் ஆஸ்கர். 1916இல் டோக்கியோவில் பிறந்தவர், 2020 ஜூலையில் பாரிஸில் தம் 104ஆம் வயதில் காலமானார்.