குளத்துக்கு ஒரு கடிதம், மதிலுக்கு ஒரு கடிதம்

குளக்கரை மதிலில் படம் வரையப் பெயின்ற் வாங்குவதற்கு முன்னம் குளம் யாருடையது, மதில் யாருடையது என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. ஐந்து கிழமை வீணாய்ப் போனது.

எங்கள் ஊர்க்குளம் யாழ்ப்பாணக் குடாநாட்டில், மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றோடு தொடுத்த குளங்களில் ஒன்று. கரையில் வீதியோரமாக ஒரு நீள மதில். ஆறு வரும் வழியையும் ஊர்க் கிணறுகளையும் பிள்ளைகளைக் கொண்டு அதில் வரைவிக்க நினைத்தோம். பிரதேச சபையில் போய்க் கேட்டால், இருந்தவர் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார். "குளம் கமநலத்தின்ரை, பிள்ளை. அங்கை போங்கோ." அங்கே போனால், "குளம் எங்கடைதான். மதில் சபை கட்டினது எல்லோ?" இரண்டும் சரிதான். வயலுக்குப் பாயும் சிறு குளங்களைக் கமநல சேவை நிலையம் பார்க்கிறது. எங்கள் மதில் சபையுடையது. இரண்டு இடத்துச் சம்மதமும் வேண்டும், அதற்கு முதல் கிராம அலுவலரின் கடிதம் வேண்டும் என்று நான்காம் தரம் போனபோதுதான் ஒருவர் வாய் திறந்தார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தரமும் லீவு போட்டுப் போனவள் நான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கிராம அலுவலர் அன்றைக்கே எழுதித் தந்தார். மற்ற இரண்டும் கைக்கு வர ஐப்பசி பிறந்துவிட்டது.

மாரிக்கு முன் முடிக்கும் அவசரத்தில் எனாமல் பெயின்ற் பூசினோம். ஒரே மழை. மதில் குடித்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் நீலம் முழுக்கக் கொப்புளித்து, விரலால் தொடத் தோல் மாதிரி உரிந்து வந்தது. பிள்ளைகள் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் ஒரு பழைய மேசன் ஐயாதான் வழி சொன்னார்: "சுரண்டிப்போட்டு நீத்தின சுண்ணாம்பு அடியுங்கோ. நீலத்தையும் காவியையும் அதுக்குள்ளையே கலவுங்கோ." சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது, செலவும் குறைவு. ஆனால் கலக்கிற வேலை பெரியவர்களுடையது. கண்ணில் தெறித்தால் ஆபத்து.

ஆற்றை ஒரே நாளில் வரைந்துவிட்டோம். கிணறுகள்தான் நாட்களை எடுத்தன. நல்ல தண்ணீருக்கு நீலப் பொட்டு, உவருக்குச் சாம்பல் பொட்டு. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது; மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். இதை நான் படம் போட்டு விளக்கியபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அப்புறம் ஓர் அம்மம்மா தன் வீட்டுப் பொட்டுக்கு முன்னால் வந்து நின்றார். "இது முந்தி நல்ல தண்ணி. மோட்டர் போட்டாப் பிறகு தேத்தண்ணிக்கும் ஆகாது. பாதி நீலம், பாதி சாம்பல் வை, மோனை." அதோடு எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த நாள் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து, எது உவர் என்று சண்டை பிடித்தார்கள். ஒருவர் மட்டும், காணி விலைப்படாது, சாம்பல் பொட்டை அழியுங்கள் என்று வந்தார். அது அவருடைய மகளே வைத்த பொட்டு. அவள் விடவில்லை.

கடிதம் கொடுக்கும்போது பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். எங்கள் முதல் கடிதம் அலுவலகத்திலேயே காணாமல் போனது. இப்போதைய அனுமதி மார்கழி வரைதான்; அடுத்த வருடத்து விண்ணப்பத்தை இரண்டு இடத்திலும் நேற்றே கொடுத்துவிட்டேன், முத்திரையோடு.